வெயிலும் மரபணுவும் பார்க்கின்சன் நோயும்

(மாமல்லபுரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மூன்று சொற்களில் அடங்கும். வைட்டமின் டி. மரபணு. பார்க்கின்சன் நோய். ஊரில் உதறுவாதம், நடுக்குவாதம் என்று சொல்கிறோமே, அந்த நோய்தான். இந்த மூன்றுக்கும் நடுவில் தொடர்பு உண்டா? உண்டென்றால் எவ்வளவு?

ஏன் இதைப் பேச வேண்டும்? "வைட்டமின் டி குறைந்ததால்தான் பார்க்கின்சன் வந்தது, அதை ஏற்றினால் சரியாகிவிடும்" என்ற செய்தி இன்று கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கிறது. அதை நம்பி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு, மருந்துக்கடையில் வைட்டமின் பொட்டலம் வாங்கிக் கரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரத்தில் நடை முடங்கிப்போய், நாற்காலியிலிருந்து எழ முடியாமல், பிள்ளைகள் தூக்கி வருகிறார்கள். அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போகலாம். அதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அதனால்தான் அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் நடந்துபோகும்போது பார்த்தவர்தான். நடையைப் பார்த்தார், குனிந்த முதுகைப் பார்த்தார், ஓய்ந்திருக்கும் கை நடுங்குவதைப் பார்த்தார். அந்த ஆறு பேரை வைத்து அவர் எழுதிய வருணனை இன்றைக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது.

ஓய்ந்திருக்கும் கை என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இது உளிச் சத்தம் கேட்டு விடியும் ஊர். இங்கே ஒரு சிற்பியை எண்ணிப் பாருங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசி உருட்டுவதுபோல் அசைகின்றன. அவர் உளியைக் கையில் எடுக்கிறார், நடுக்கம் அடங்கிவிடுகிறது. "வேலை செய்யும்போது கை நன்றாகத்தானே இருக்கிறது?" என்று அவரும் விட்டுவிடுகிறார், வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். பார்க்கின்சன் நடுக்கத்தின் குணமே அதுதான். கை சும்மா இருக்கும்போது வரும், வேலை செய்யும்போது தணியும். அடுத்த சில மாதங்களில் சுத்தியல் ஓங்கும் உயரம் குறையும். வங்கிச் சீட்டில் போடும் கையெழுத்து, முதல் எழுத்து பெரிதாகவும் கடைசி எழுத்து எறும்புக்காலாகவும் தேயும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டி வரும்.

அதற்கும் பல ஆண்டுகள் முன்னதாகவே சில அடையாளங்கள் வந்திருக்கும். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும், தெருவுக்கே மணக்கும், இவருக்கு மட்டும் வாசனை தெரியாது. தீராத மலச்சிக்கல் இருக்கும். தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கையைக் காலை உதைப்பார். இவை வந்தவர்க்கெல்லாம் பார்க்கின்சன் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இவை ஒன்றுசேர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? நடுமூளையில் கறுப்பு நிறமுள்ள ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. நம் அசைவுகள் தடையின்றி நடக்க அந்த டோபமைன் வேண்டும். அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கை நடுங்கும் நாள் வருவதற்குள் பெரும்பங்கு போய்விடுகிறது. அதனால்தான் டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபா என்ற மருந்தைக் கொடுக்கிறோம். இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது பார்க்கின்சன் நோயாளிகளை எழுந்து நடக்கவைக்கும் மருந்து என்று உலகம் உறுதி செய்துகொண்டது 1967இல். நடுவில் முப்பது ஆண்டுகள்! (பூனைக்காலி விதையை நீங்களாக இடித்துச் சாப்பிடாதீர்கள். அதில் மருந்தின் அளவு விதைக்கு விதை மாறும்.)

சரி, வைட்டமின் டி எங்கே வருகிறது?

வெயிலின் புற ஊதாக் கதிர் நம் தோலில் பட்டால் வைட்டமின் டி உண்டாகிறது. அது கல்லீரலில் ஒருமுறை மாறி, சிறுநீரகத்தில் மறுமுறை மாறி, ஹார்மோனாக வேலை செய்கிறது. செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஏற்பி வேண்டும். அந்த ஏற்பியைச் செய்யும் மரபணுவுக்கு வி.டி.ஆர். என்று பெயர். முதன்மையாக எலும்புக்கும் குடலுக்கும் உரியதென்று கருதப்பட்டு வந்த இந்த ஏற்பி மனித மூளையில் எங்கெங்கே இருக்கிறது என்று 2005இல் ஆராய்ச்சியாளர்கள் விரிவாகக் காட்டினார்கள். அது அடர்த்தியாகக் காணப்பட்ட இடங்களில் ஒன்று எது தெரியுமா? பார்க்கின்சன் நோயில் அழிகிறதே, அதே கறுப்புப் பகுதி! ஆராய்ச்சி உலகம் நிமிர்ந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை.

"எங்களுக்கு ஏது வெயில் குறைச்சல்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே பதின்மூன்று டிகிரிக்குள். ஆனாலும் நமக்குப் பக்கத்திலுள்ள திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயணன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கிராமத்து ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 70 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி குறைவு. நகரத்து ஆண்களில் 62, பெண்களில் 75. வெயில் கொளுத்தும் ஊரில் இந்தக் கணக்கு! கருத்த தோலில் வைட்டமின் டி மெதுவாகத்தான் உண்டாகும். புடவையும் சட்டையும் உடம்பை மூடியிருக்கின்றன. வைட்டமின் டி நன்றாக உண்டாகும் நேரம் முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் இரண்டு வரை. அந்த நேரத்தில் மகேந்திரா சிட்டியிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் குளிரூட்டிய அறைக்குள் இருக்கிறார்கள், வீட்டுப் பெண்கள் அடுக்களையில் இருக்கிறார்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள கடல்மீனில் வைட்டமின் டி உண்டு. ஆனால் நம் இலையில் சோறுதானே மிகுதி?

ஆகவே குறைபாடு உண்மை. அடுத்த கேள்வி, அந்தக் குறைபாடுதான் பார்க்கின்சன் நோயை உண்டாக்குகிறதா?

பின்லாந்தில் 1978 முதல் 1980 வரை, நோய் இல்லாத 3,173 பேரின் இரத்தத்தை எடுத்து வைத்து, 29 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 50 பேருக்குப் பார்க்கின்சன் வந்தது. வைட்டமின் டி மிகுதியாக இருந்த பிரிவினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். 2010இல் இது வெளிவந்தது. 2013இல் ஜப்பானில் 114 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை. ஒரு பாதிக்கு நாளுக்கு 1,200 அலகு வைட்டமின் டி, மறுபாதிக்கு வெறும் மாத்திரை. ஓராண்டு கழித்துப் பார்த்தால், வெறும் மாத்திரை பெற்றவர்களின் நோய்நிலை மோசமாகியிருந்தது, வைட்டமின் பெற்றவர்களுடையது பெரிதாக மாறவில்லை. அந்தப் பலனும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. வி.டி.ஆர். மரபணுவில் குறிப்பிட்ட ஒரு வகை அமைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. வெயிலும் மரபணுவும் நோயும் ஒரே இடத்தில் சந்தித்த ஆய்வு இது.

நம்பிக்கை தருகிறதா, இல்லையா? தருகிறது. ஆனால் அன்பர்களே, நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த மாவட்டம் நம் செங்கல்பட்டு மாவட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் மருத்துவர் சௌரி முத்து தொடங்கினார். திறந்த வெளி, நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு. அன்றைக்கு அதுதான் வைத்தியம். பிறகு மருந்துகள் வந்தன. மருந்து இருந்தாலும் சானடோரியம் கட்டாயம் வேண்டுமா? சென்னையில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை நடத்தியது. சில நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் மருந்து. மற்றவர்களுக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே, எளிய சாப்பாட்டோடு, அதே மருந்து. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். காற்றும் வெயிலும் நல்லவைதான். ஆனால் கிருமியைக் கொன்றது மருந்து. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்துசேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெறும் ஊசியோ போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! எத்தனை பெரிய ஏமாற்றம்! ஆனாலும் உள்ளதை உள்ளபடி அச்சிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது, அதனால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களைப் பற்றிய அந்த விடையை நம் பாட்டன் பாட்டிகள் தங்கள் கையை நீட்டித் தந்தார்கள். மருத்துவ நூல்களில் செங்கல்பட்டின் பெயர் அதனால் நிற்கிறது.

வைட்டமின் டி விஷயத்தில் அதே கண்டிப்போடு கேட்போமா? வைட்டமின் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் வைட்டமின் குறைந்ததா? கை நடுங்குகிறவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கிறார். நடை தளர்ந்தவர் வெயிலுக்குப் போவதில்லை. நோயே பல ஆண்டுகள் ஓசையில்லாமல் வளர்கிறது. அப்படியானால் எது முந்தி, எது பிந்தி?

இதைப் பிரித்தறிய மரபணுவே ஒரு வழி தந்தது. உத்திரமேரூரை எல்லாரும் அறிவீர்கள், அதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். அங்கே சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. யாருடைய செல்வாக்கும் அதில் புக முடியாது. நாம் பிறக்கும்போது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் எந்தெந்த மரபணு வகை வந்து சேர்கிறது என்பதும் அப்படிப்பட்ட குடவோலைதான். சிலருக்கு, வைட்டமின் டி பிறவியிலேயே சற்றுக் குறைவாக இருக்கும்படியான ஓலை வந்துவிடுகிறது. அவர் வெயிலில் போனாரா, வீட்டில் இருந்தாரா என்பதற்கும் அந்த ஓலைக்கும் சம்பந்தமில்லை. குறைபாடுதான் நோய்க்குக் காரணம் என்றால், அந்த ஓலை வந்தவர்களுக்குப் பார்க்கின்சன் மிகுதியாக வர வேண்டும் அல்லவா?

2017இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் லார்சன் குழுவினர் இதைப் பார்த்தார்கள். 5,333 நோயாளிகள், நோயற்ற 12,019 பேர். முடிவு என்ன? அப்படி மிகுதியாக வரவில்லை. வைட்டமின் டி குறைவு பார்க்கின்சனை உண்டாக்குகிறது என்பதற்கு அந்த ஆய்வில் தெளிவான ஆதரவு கிடைக்கவில்லை.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மை. குறைபாடுதான் நோயை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரம் போதாது. வைட்டமின் டி அந்த நோயைக் குணப்படுத்தும் என்று சொல்பவர் தவறாக வழிகாட்டுகிறார். 114 பேரிடம் ஓராண்டு கண்ட பலனை வைத்துக்கொண்டு ஒரு மருந்தை உலகத்துக்கு அறிவிக்க முடியாது.

அப்படியானால் மரபணுத் தொடர்பு முடிந்துபோனதா? இல்லை. அது எதிர்பாராத ஒரு வாசல் வழியாக நம் ஊருக்கே வருகிறது. செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. இன்று மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1947இல் இங்கே தொழுநோய் மருத்துவர் காக்ரேனைப் பார்க்க வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், நோயால் மடங்கிப்போன கைகளைக் கண்டு, அந்தக் கைகளைச் சீராக்குவதையே தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார்.

தொழுநோய்க்கும் பார்க்கின்சனுக்கும் என்ன தொடர்பு? ஒன்று கிருமியால் வருவது, மற்றது மூளைச் செல் அழிவதால் வருவது. ஆனால் இதைக் கேளுங்கள். 1998இல் ஜப்பானியர்கள், இளவயதிலேயே பார்க்கின்சன் வரும் குடும்பங்களில் பார்கின் என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். 2004இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு, தொழுநோய் யாருக்கு எளிதில் தொற்றும் என்பதோடு அதே பார்கின் மரபணுப் பகுதி சம்பந்தப்பட்டிருப்பதைக் காட்டியது. எல்.ஆர்.ஆர்.கே.2 என்பது பார்க்கின்சனோடு தொடர்புள்ள இன்னொரு மரபணு. 2019இல் வியட்நாமின் 474 தொழுநோயாளிகளை ஆராய்ந்தபோது, நரம்பைச் சிதைக்கும் திடீர் அழற்சி யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதில் இந்த இரண்டு மரபணுக்களுமே பங்கு கொண்டிருந்தன. வி.டி.ஆர். மரபணு? தொழுநோய் எந்த வடிவம் எடுக்கிறது என்பதோடு அதற்குத் தொடர்பு உண்டென்று 1999இல் வெளியான கல்கத்தா ஆய்வு சொன்னது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் செல்வராஜ் குழுவினர் அதே மரபணுவைக் காசநோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழுநோய் வந்தவருக்குப் பார்க்கின்சன் வரும் என்று நான் சொல்லவே இல்லை. பார்க்கின்சன் தொற்றுநோயும் இல்லை. தொடர்பு நோய்களுக்கு இடையில் இல்லை, உடம்பின் தற்காப்பில் இருக்கிறது. கிருமியோ கழிவோ செல்லுக்குள் சேரும்போது அதைப் பிடித்து அழிக்கும் வேலையும், அழிக்கும்போது எழும் அழற்சியை அளவோடு நிறுத்தும் வேலையும் இந்த மரபணுக்களைச் சார்ந்திருக்கின்றன. வைட்டமின் டியும் அந்தத் தற்காப்பில் பங்கு கொள்கிறது. 2006இல் அமெரிக்க ஆய்வொன்று, வைட்டமின் டி போதிய அளவு இருந்தால்தான் நம் வெள்ளணுக்கள் காசநோய்க் கிருமியைக் கொல்லும் பொருளைச் சுரக்கின்றன என்று காட்டியது. வைட்டமின் டி, மரபணு, பார்க்கின்சன் மூன்றுக்கும் பொதுவான இடம் அந்தத் தற்காப்புதான் என்பது என் கணிப்பு. இனிவரும் ஆராய்ச்சி அங்கேதான் தோண்ட வேண்டும்.

அதை யாருடைய உடம்பில் தோண்டுவது? லார்சன் பார்த்தவர்கள் ஐரோப்பிய வம்சத்தவர்கள். வியட்நாமில் கண்ட பார்கின் தொடர்பை 2006இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் காண முடியவில்லை. 2023இல் ஆப்பிரிக்க வம்சத்தவரை ஆராய்ந்தபோது, ஐரோப்பியரிடம் அநேகமாக இல்லாத ஒரு மரபணு மாற்றம் அவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்தைக் கூட்டுவது தெரியவந்தது. அதுவரை யாரும் அங்கே தேடவில்லை, அவ்வளவுதான். நம்மவர்களிடம் என்ன இருக்கிறது? திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஷா கிஷோரும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் பணியாற்றும் மனு சர்மாவும் முன்னின்று நடத்தும் ஆய்வு, இந்தியா முழுவதிலுமிருந்து பத்தாயிரம் நோயாளிகள், பத்தாயிரம் நலமானவர்கள் என்ற இலக்கோடு மரபணுக்களைத் திரட்டுகிறது. நம் கேள்விக்கு நம் இரத்தத்திலிருந்து விடை தேடும் முயற்சி அது.

இனி நாளைக் காலையிலிருந்து நாம் என்ன செய்வது?

பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு எலும்பு மெலியும், அவர்கள் அடிக்கடி விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். முறிந்தால் படுக்கைதான். எனவே வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்தே தீர வேண்டும். நோயைக் குணமாக்க அல்ல, எலும்பைக் காக்க. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 60,000 அலகுப் பொட்டலத்தைத் தினம் ஒன்று குடித்துவிடாதீர்கள். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னதாக, சொன்ன நேரத்தில் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதியுங்கள்.

சிற்பிகளுக்கும் மீனவச் சகோதரர்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். கை நடுங்குகிறது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்காதீர்கள். பிள்ளைகளே, அப்பாவின் கை மடியில் ஆடுகிறதென்றால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முறையான ஆராய்ச்சிக்கு, முறையாக அனுமதி கேட்டு, சிறிதளவு இரத்தம் வேண்டுமென்று யாரேனும் வந்தால், விவரம் கேட்டறிந்து, மனம் ஒப்பினால் கையை நீட்டுங்கள். 1968இல் இந்த மாவட்டத்து மக்கள் நீட்டினார்கள்.